ஓசூருக்கு ஒரு சவரக்கத்தி

என் கொழுந்தன் கோதண்டபாணியின் கையில் வெட்டு விழ வேண்டும் என்று நான் சொன்னது உண்மைதான். தெருவே கேட்கும்படி சொன்னேன். மாமனாரின் கரும காரியம் முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை. சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் அவன் நடு வாசலில் வந்து நின்று, "நைனாவோட கத்தி எனக்குத்தான் வரணும், எடுத்து வைங்க" என்றான். சாவுக்கே மறுநாள் வந்தவன் அவன். நான் மாற்றி மாற்றிப் போன் போட்டபோது என் பெயரைப் பார்த்துப் பார்த்து கட் செய்துவிட்டு, பிறகு பந்தலில் உட்கார்ந்து, அண்ணி வேண்டுமென்றே எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டாள் என்று ஊரைக் கூட்டி அழுதவன். அப்படிப்பட்டவன் கத்தி கேட்டால் என் வாய் சும்மா இருக்குமா? "தாராளமா எடுத்துகினு போ. அந்தக் கத்தி உன் கையிலயே ஏறணும்" என்றேன்.

அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொரு தரம் அதே வாசலில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். அன்றைக்கு அவன் கத்தியை எடுக்காமல் கோபித்துக்கொண்டு போய்விட்டான். இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். மிதிக்காமல் இருந்தவரைக்கும் எனக்கு நிம்மதி.

இந்த ஆவணியில் அவன் ஓசூரில் சொந்தமாக சலூன் திறந்தான். திறப்பு விழாவுக்கு நைனாவின் கத்தி சாமி படத்துக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். அவன் அம்மாவிடம் போனில் சொன்ன வார்த்தை இது: "கத்தி வந்தா போதும்மா, ஆளுங்க யாரும் வர வேணாம். நீ மட்டும் வேணா வா." அவன் அம்மா, அதாவது என் மாமியார் கௌரியம்மாள், பஸ் ஏறினால் சோளிங்கர் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். ஆக, கத்தி தபாலில்தான் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் தங்கவேல் திருத்தணி மலைக்கோயிலில் மொட்டை அடிக்கிற மண்டபத்தில் வேலை செய்கிறார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நின்று நின்று கால் வீங்கிப் போயிருந்தது. "அனுப்பிடு பிரபா. தலவலி உட்டுதுன்னு நெனச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். கத்தி அவருடைய அப்பாவுடையது, கேட்கிறவன் அவருடைய தம்பி, அனுப்ப வேண்டியது மட்டும் நான். ஏனென்றால் பார்சல் கட்டுவது என் வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு துணிக் கோடவுன் இருக்கிறது. பள்ளிப்பட்டு தறிகளில் நெய்து வருகிற லுங்கியும் துண்டும் புடவையும் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகின்றன. அங்கே நாள் முழுவதும் அட்டைப்பெட்டி, டேப், நூல் இவற்றோடுதான் என் குடித்தனம்.

கத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமனார் துரைக்கண்ணு மலையில் எத்தனையோ தலைகளை மழித்த மடக்குக் கத்தி அது. இப்போது மண்டபத்தில் ஆளுக்கு ஒரு புது பிளேடு என்பது சட்டம். அதனால் கத்தி வீட்டிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரர் லீவு நாளில் தோல் பட்டையில் தீட்டித் தன் முகத்தை மட்டும் அதில் மழித்துக்கொள்வார். கூர் கொஞ்சமும் போகவில்லை. போனது ஆணிதான். பிடியையும் அலகையும் சேர்க்கிற ஆணி தேய்ந்து, மடக்கி வைத்தால் மடங்கி நிற்காது. லேசாகச் சாய்த்தாலே திறந்துகொள்ளும். அதனால் அவர் எப்போதும் ஒரு நாடாவைச் சுற்றித்தான் அலமாரியில் வைப்பார். இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பெண்கள் கத்தியைத் தொடக்கூடாது என்பது மாமனார் போட்ட உத்தரவு. அவர் இருந்தவரைக்கும் மாமியார் அதைத் தொட்டதில்லை. நான் அந்த உத்தரவை ஒரு நாளும் மதித்ததில்லை.

கத்தியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு ஒரு பயம் பிடித்தது. அவன்மேல் இருந்த அக்கறையால் அல்ல. இதைப் பிரிக்கும்போது அவனுக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் யார் பெயர் அடிபடும்? தெருவே கேட்கச் சொன்னவள் நான். சொன்னபடியே செய்துவிட்டாள் பிரபாவதி என்று திருத்தணியிலிருந்து ஓசூர்வரைக்கும் பேசுவார்கள். என் வீட்டுக்காரர்கூட வாயால் சொல்லாமல் மனதுக்குள் நினைத்துக்கொள்வார். அந்தப் பழி என்மேல் விழக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. பிடித்தவர்களுக்குக்கூட நான் அப்படி ஒரு பார்சல் கட்டியதில்லை.

தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகை ஈரம் போகத் துடைத்தேன். மடக்கி, அலகு எட்டிப் பார்க்கிற பக்கத்தில் புடவை மடிப்புக்குள் வைக்கிற அட்டையை இரண்டாக மடித்துச் செருகினேன். அதன்மேல் கோடவுனிலிருந்து கொண்டுவந்த நீல நைலான் நூலைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றச் சுற்ற அவன் பந்தலில் அழுத முகம் நினைவுக்கு வந்தது. வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஒரு திட்டு.

நிமிர்ந்தால் மாமியார் கதவுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா முணுமுணுத்துகினு கீற?"

"உங்க புள்ளைக்கு அர்ச்சன பண்ணிகினு கீறேன்."

"கத்திக்கு எதுக்கு இத்தினி சுத்து?"

"அவன் கை அறுபடாம இருக்கத்தான். அறுபட்டா என்னத்தான சொல்வீங்க?"

அவள் நூலையே பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். "அமாவாச அன்னிக்குத்தான் கட்டணுமா இத?" என்றாள்.

அன்றைக்கு அமாவாசை என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "நாள் பாத்துக் கட்ட எனக்கு எவன் லீவு குடுக்கறான்?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். கத்தியை பபுள் ஷீட்டில் சுருட்டி, ஒரு பழைய தகர ஜியாமெட்ரி பாக்சுக்குள் வைத்தேன். அசையாமல் இருக்கத் துணிக் கிழிசல்களைத் திணித்தேன். பாக்சை மூடி டேப் ஒட்டி, அட்டைப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

விபூதியைத் தனிக் கவரில் போட்டுப் பெட்டியின் மேலாக வைத்தேன். அதற்கும் காரணம் உண்டு. இந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு வழக்கம். மலையிலிருந்து எந்தப் பை வந்தாலும், எந்தப் பொட்டலம் வந்தாலும், கண்ணை மூடி முருகா என்று சொல்லி, கையை உள்ளே விட்டுத் துழாவி விபூதியை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்ட பிறகுதான் கண்ணைத் திறப்பார்கள். மாமனார் அப்படித்தான். மகன்கள் இருவரும் அப்படித்தான். துழாவுகிற கை கத்திப் பக்கமே போகக்கூடாது என்றுதான் விபூதியை மேலே வைத்தேன். கடைசியாக மூடி, பழுப்பு டேப் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் எழுதினேன்: உள்ளே சவரக்கத்தி, பார்த்துப் பிரிக்கவும்.

மறுநாள் காலையில் மாமியார் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "என் புள்ளைக்கு நானே போடறேன். துர்கா கூட வருது" என்றாள். துர்கா பக்கத்து வீட்டுக்காரி, மலைப் படிக்கட்டுக்குக் கீழே பூவும் அர்ச்சனைத் தட்டும் விற்கிறவள். எனக்கும் தபாலாபீசில் நிற்க நேரமில்லை. போட்டுவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் போன் வந்தது. மாமியாருக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"பார்சல் வந்துட்ச்சிம்மா. மஞ்சக் காகிதம் ஒட்டி கல்யாணப் பத்திரிக மாதிரி அனுப்பிகிறியே! நாளைக்கு ராகு காலம் பொறக்கறதுக்குள்ள, எல்லாரையும் வெச்சிகினு, சாமி முன்னாடிதான் பிரிப்பேன்."

மஞ்சள் காகிதம் என்றதும் எனக்கு ஒரு நொடி உறுத்தியது. நான் ஒட்டியது பழுப்பு டேப் ஆயிற்றே. சரி, துர்கா மேலே ஏதோ அழகு பண்ணியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினேன். எங்கள் தெருவும் தேரடிக்குப் போகிற சந்தும் சேருகிற முச்சந்தியில் செய்வினை, திருஷ்டி போவதற்காக யாரோ கழிப்புக் கழித்திருந்தார்கள். நசுக்கிய எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம் எரிந்த கரி. இந்த ஊரில் இது புதிதில்லை. மிதிக்காமல் ஓரமாகப் போகிறவள், கரிக்கு நடுவில் நீலமாக ஏதோ இருப்பதைப் பார்த்து நின்றேன். உருகிக் கட்டியாகிப் போன நைலான் நூல். பக்கத்தில் பாதி எரிந்த அட்டை. எரியாத பாதியில் எங்கள் கோடவுனின் மயில் முத்திரை.

வீட்டுக்கு ஓடினேன். மாமியார் குளித்து, பட்டையாக விபூதி பூசி, பிள்ளை கடை திறக்கிற சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டிருந்தார்.

"அத்தே, முச்சந்தியில கெடக்கறது என் நூலு."

"ஆங். உன் நூலுதான்" என்றாள் நிதானமாக. "நீ போட்ட கட்டுதான். அவுத்து எரிச்சிட்டேன்."

"இன்னா கட்டு?"

"என்ன இன்னான்னு நெனச்ச? அமாவாசையில, வாய்க்குள்ள மந்தரம் சொல்லிகினு, என் புள்ள தொழில் பண்ற கத்திக்கு நூல் சுத்தற. அவன் கடைய தொறக்கறதுக்கு முன்னாடியே தொழிலக் கட்டிப் போடலாம்னு பாத்தியா? துர்கா ஊட்டுல வெச்சி எல்லாத்தயும் பிரிச்சிட்டேன். வெள்ளிக்கெழமதான் கழிக்கணும்னு இத்தினி நாளு கட்டிலு அடியில வெச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்ததா ஆத்திரம் வந்ததா என்று தெரியவில்லை. அவன் கைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நான் உட்கார்ந்து கட்டியது இவளுக்குச் செய்வினையாகத் தெரிந்திருக்கிறது. இவளோடு இத்தனை காலம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றிருக்கிறேன். நான் வாயால் கொட்டுகிறவள் என்பது தெரியும். நூலால் கட்டுகிறவளா நான்? நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தத் தேய்ந்த ஆணி நினைவுக்கு வந்துவிட்டது.

"கத்திய எதுல வெச்ச?" என்றேன். மரியாதை எல்லாம் போய்விட்டது.

"மஞ்சத் துணியில. மலையிலிருந்து வந்த விபூதி, குங்குமம், வேல்ல குத்தின எலுமிச்சம்பழம், எல்லாத்தயும் கத்தி கூடவே வெச்சி சுருட்டிட்டேன். நல்ல காரியம்னு முடிச்சுகூடப் போடல. மேல நீ கத்தி கித்தின்னு எழுதி வெச்சிருந்தத மஞ்சக் காகிதம் ஒட்டி மறச்சிட்டோம்."

"தகர டப்பா?"

"சனியன் புடிச்ச டப்பா எதுக்கு? மடக்கித்தான் வெச்சேன். எனக்குத் தெரியாதா?"

"அது மடக்குனா நிக்காது! ஆணி தேஞ்சி போயி வருஷக் கணக்காச்சி. சாய்ச்சா தானா தொறந்துக்கும். இத்தினி தூரம் வண்டியில குலுங்கிகினு போயிகீது. இப்ப உன் புள்ள கண்ண மூடிகினு விபூதிய தேடி கைய உடுவான். கத்தி விபூதிக்குப் பக்கத்துலயே வாயத் தொறந்துகினு கீது."

அவள் முகத்தில் இருந்த விபூதி அப்படியே இருந்தது, முகம்தான் மாறிவிட்டது. அவன் முடி வெட்டிப் பிழைக்கிறவன். வலது கை விரல் நரம்பு ஒன்று அறுந்தால் கடை எதற்கு, கண்ணாடி எதற்கு?

என் போனில் அழைத்தேன். அடிக்கவே இல்லை. என்னை எப்போதோ பிளாக் செய்து வைத்திருக்கிறான். மாமியாரின் போனைப் பிடுங்கி அழைத்து அவள் கையில் கொடுத்தேன். எடுத்தான். பின்னால் நாதஸ்வரப் பாட்டு, ஆட்கள் பேசுகிற சத்தம், குழந்தைகளின் சத்தம்.

"அம்மா, கரெக்டா கூப்ட்ட. இப்பத்தான் காகிதத்த கிழிச்சேன். எல்லாரும் நிக்கறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் ஒரு வார்த்த ஆசீர்வாதம் பண்ணு."

"கோதண்டம், கைய வெக்காதடா! உள்ள கத்தி தொறந்துகினு கீதாம்!"

அங்கே பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"யாரு சொன்னது?"

"பிரபாதான் சொல்லுது. ஆணி தேஞ்சி போச்சாம்…"

"ஓ. அவ பக்கத்துல நிக்கறாளா?" அவன் குரல் கனத்தது. "ஏம்மா, நல்ல நேரத்துல கைய வெக்காதன்னு சொல்லச் சொல்லி உன்ன புடிச்சி நிறுத்திகிறாளா? நைனா காரியத்துல அவ இன்னா சொன்னான்னு எனக்கு மறக்கல. இப்ப அபசகுனமா பேசி கடையக் கெடுக்கப் பாக்கறா. அவளே கட்டி அனுப்பிட்டு அவளே வெக்காதன்னு சொல்வாளாம்."

நான் மாமியாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். கட்டை அவிழ்த்தது நான்தான்டா என்று சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். "இல்லடா, நான்…" என்றாள். பிள்ளையின் கடையில் நாலு பேர் நின்று கேட்கிறார்கள். அவர்கள் முன்னால், அவன் கைக்கு நேராகக் கத்தியை வைத்தது தான்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ பயப்படாதம்மா" என்றான் அவன். "அவ வெக்காதன்னு சொன்னதுக்காகவே வெக்கறேன் பாரு. நைனா மாதிரியே கண்ண மூடிகினு உடறேன்."

போனை நான் பிடுங்கினேன். கத்தத்தான் போனேன். கத்தினால் என்ன ஆகும்? என் கூச்சலைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப் போயிருந்தது. நான் எதை வேண்டாம் என்கிறேனோ அதை உடனே செய்து காட்டுகிறவன். ஓட்டை பைக்கை வாங்காதே என்றேன், வாங்கினான். பெருமழையில் ஏரிக்கரை வழியாகப் போகாதே என்றேன், போய் விழுந்து தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நான் நல்லது சொல்லி அவன் கேட்ட நாள் ஒன்றுகூட இல்லை. நான் இனிப்பாகப் பேசி அவன் கேட்ட நாளும் ஒன்றுகூட இல்லை.

மூச்சை இழுத்துவிட்டு, கோடவுன் முதலாளியின் பெண்டாட்டியிடம் பேசுகிற குரலை எடுத்துக்கொண்டேன்.

"தம்பி" என்றேன். "நல்லா கீறீங்களா தம்பி? உதயா நல்லா கீதுங்களா? அத்தைய அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க கண்ண மூடிகினு கைய உள்ள உடுங்க தம்பி. நல்லா ஆழமா உடுங்க. அஞ்சு வெரலும் உள்ள போவணும். விபூதி அடியிலதான் கீது. உங்களுக்காக நான் பாத்துப் பாத்துக் கட்டினது."

என் வாழ்நாளில் அவனைத் தம்பி என்று நான் அழைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அவன் பெண்டாட்டி உதயாவின் குரல் மெதுவாகக் கேட்டது. "ஏங்க, வேணாங்க. அக்கா இப்படிப் பேசாது. எனக்கு என்னாவோ பயமா கீது."

"யாரும் கைய வெக்காதீங்க" என்றான் அவன். "பெட்டியத் தூக்கித் தரையில கவுத்து. தள்ளி நில்லு, தள்ளி நில்லு."

அட்டை உரசுகிற சத்தம். எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டிருக்க வேண்டும். அதன் பின்னால் டைல்ஸ் தரையில் இரும்பு விழுந்த சத்தம் எங்கள் வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது. ஒரு பெண் அலறினாள். "தொறந்துகினு கீதுடா! அப்படியே தொறந்துகினு கீது!" என்று யாரோ சொன்னார்கள்.

அப்பாடா என்று இருந்தது. அது அவனுக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அப்போது தெம்பு இல்லை.

அவன் கூவ ஆரம்பித்தான். "எல்லாரும் கேட்டீங்க இல்ல? அஞ்சு வெரலும் உள்ள உடுன்னு சொன்னா! ஸ்பீக்கர்ல சொன்னா! கத்திய தொறந்து வெச்சி, விபூதிய அடியில வெச்சி, தம்பி தம்பின்னு கொஞ்சறா! அம்மா, கேட்டியாம்மா உன் மருமக பேசினத?"

போனை மாமியாரிடம் நீட்டினேன். இப்போதாவது சொல்வாள் என்றுதான் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கை பத்திரமா கீதாடா?" என்றாள்.

"என் கைக்கு இன்னாம்மா? நான் என்னா மடையனா?"

"அது போதும்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தாள்.

சாயங்காலத்துக்குள் சேதி ஊர் முழுவதும் பரவிவிட்டது. ஓசூரிலிருந்து யாரோ மண்டபத்துக்குப் போன் செய்து, மொட்டை அடிக்க உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"கைய உடச் சொன்னியா அவன?"

"ஆங். சொன்னேன்."

"ஏன்?"

"உங்க அம்மாவக் கேளுங்க."

அவர் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார். அது எனக்கு அவன் பேசியதைவிட வலித்தது. அன்றிலிருந்து தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார். நான் சொல்லியிருக்கலாம், முச்சந்தியில் கிடந்த நூலைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். ஆனால் என்னோடு இத்தனை காலம் வாழ்ந்த மனுஷனிடம் சாட்சி வைத்து என்னை நிரூபிக்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் காகிதம் ஒட்டிக் கொடுத்த துர்கா இருக்கிறாளே, அவளுக்கும் எல்லாம் தெரியும். அவள் என்னைப் பார்த்தால் பூக்கூடையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். எந்தப் பழி வேண்டாம் என்று உட்கார்ந்து நூல் சுற்றினேனோ, அது முழுசாக என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாமியார் மட்டும் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். குழம்பில் உப்பு கூடினாலும் பேசாமல் சாப்பிட்டாள். அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் தட்டில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டேன்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் தபால்காரர் பார்சல் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு மாலை முறை என்பதால் வீட்டில் இருந்தார். பெட்டியின்மேல் கோதண்டபாணியின் கோணல் எழுத்து. பெறுநர் பிரபாவதி என்று என் பெயர் மட்டும். உள்ளே என்ன என்று கேட்கவே தேவையில்லை. அபசகுனம் பிடித்த கத்தி கடையில் இருக்கக் கூடாது என்று உதயா வீட்டார் சொன்னதாகக் காதில் விழுந்திருந்தது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டரை எடுத்தேன்.

"வெக்காத!"

மாமியார்தான். முட்டி வலிக்காரி அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. வந்து பெட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"உடுங்க அத்தே. எனக்கு வந்தது."

"நீ கைய வெக்காத பிரபா. அவன் ஆத்திரக்காரன். இன்னா பண்ணி அனுப்பிகிறானோ."

"உங்க புள்ளைய நீங்களே நம்பலியா?"

"பெத்தவ எனக்குத் தெரியாதா அவன?" பெட்டியைத் தன் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு மூத்த பிள்ளையைப் பார்த்தாள். "அறுத்தா என் கைய அறுக்கட்டும். கட்ட அவுத்து உட்டவ நான்தான? இவ ஒழுங்காத்தான் கட்டியிருந்தா. டப்பாவுல போட்டு, அட்ட வெச்சி, நூலு சுத்தி. நான்தான் செய்வினைன்னு நெனச்சி எல்லாத்தயும் பிரிச்சி எரிச்சேன். அவன் கேக்க மாட்டேன்னு அடம் புடிச்சப்போ, இவ இல்லன்னா அவன் கை போயிருக்கும்."

என் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மாமியார் கட்டரை வாங்கி டேப்பை அறுத்தாள். கையை உள்ளே விடாமல் பெட்டியைத் தரையில் மெதுவாகக் கவிழ்த்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பா விழுந்தது. அதற்குள் பபுள் ஷீட். அதற்குள் துணி. துணிக்குள் கத்தி. மடக்கி, அட்டை வைத்து, பிடியே தெரியாத அளவுக்கு நூல் சுற்றியிருந்தது. நான் சுற்றியதைவிட இரண்டு மடங்கு. எனக்கு ஒரு கீறல் விழுந்தாலும் பழி யார்மேல் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. விபூதி மட்டும் வைக்கவில்லை.

நூலைப் பார்த்ததும் மாமியார் அழுதாள். அவிழ்க்கவில்லை. அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். "இப்பவே அவன்கிட்ட சொல்றேன். உன் மேல தப்பில்லன்னு சொல்றேன். இத்தினி நாளு நானும்…" என்று ஆரம்பித்தார்.

"போன வெய்யுங்க" என்றேன்.

"ஏன்? அவனுக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம். அவன் என்ன நம்பாததாலதான் அவன் கையில அஞ்சு வெரல் கீது. இப்ப நீங்க சொல்லி அவன் என்ன நம்பிட்டான்னா, நாளைக்கு இன்னொண்ணு வரும்போது நான் எதச் சொல்லி அவனக் காப்பாத்தறது?"